கணக்கு முடிச்சாச்சு!

உங்கள் வலது கையை ஒரு நிமிஷம் விரித்துப் பாருங்கள். ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டு விரலும் தலா 7. கட்டை விரல் கொஞ்சம் காஸ்ட்லி, 30.

இது கைரேகை ஜோசியம் இல்லை. சட்டம். வேலை பார்க்கிற இடத்தில் ஒரு தொழிலாளி விரலை இழந்தால், அவருடைய சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று கணக்கிடுவதற்கு, 1923-ம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் போட்ட ரேட். ஒரு கண் போனால் 40. ஒரு கையே போனால் 60. வலது, இடது பேதமெல்லாம் கிடையாது.

நான் பி.காம். எண்களைப் பார்த்தால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆள்காட்டி 14, நடு 12, ஆக 26. ஆனால் அட்டவணையில், 'ஒரே கையில் இரண்டு விரல்கள்' என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. அதற்கு நேரே 20 என்று போட்டிருக்கிறது. இரண்டாகச் சேர்ந்து போனால் தள்ளுபடி!

இந்த ரேட் கார்டை நான் பொழுது போகாமல் படிக்கவில்லை. என் சின்னம்மா மகனுக்காகப் படித்தேன். தம்பி என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் பஸ் ஏறினால் ஓ.டி. என்று ஊர்க்காரர்கள் சொல்லும் முதுநகர் வரும், துறைமுகம் வரும். அதைத் தாண்டியதும் சிப்காட். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் சிப்காட் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். அப்புறம் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் தம்பி வீடு. தினமும் விடியற்காலை முதல் பஸ்ஸில் கடலூர் போய், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தான். முதலாளியையும் சேர்த்தால் எட்டுப் பேர் இருக்கும் இடம். பாளம் பாளமாக வரும் ஐஸை மெஷினில் போட்டு நொறுக்கி, கூடையில் அள்ளிப் போட்டுக்கும் வண்டிக்கும் ஏற்ற வேண்டும். மீன் கெடாமல் இருக்க வேண்டுமே!

2016 மார்ச்சில் ஒரு நாள் பாளம் மெஷினின் வாயில் சிக்கிக்கொண்டது. கையால் தள்ளினான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. அப்போது அவனுக்கு வயசு 35. மாசச் சம்பளம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். சனிக்கிழமை சனிக்கிழமை கையில் காசாகக் கொடுப்பார்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது.

முதலாளியே தன் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு நர்ஸிங் ஹோமுக்கு ஓடினார். பில்லையும் கட்டினார். ஆனால் போகிற வழியிலேயே, 'கேட்டா வீட்ல கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லுடா, இல்லாட்டி போலீஸ் கேஸாயிடும். நமக்குள்ள எதுக்கு?' என்று சொல்லியிருக்கிறார். ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும்போது 'நமக்குள்ள' என்ற வார்த்தை எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! கதவு என்றே சொன்னான். சீட்டிலும் கதவு என்றே எழுதினார்கள்.

மூன்றாம் நாள் கை வீங்கிவிட்டது. வீட்டுக்காரி பயந்துபோய் சிதம்பரத்தில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'கதவா? எந்தக் கதவு இப்படி அரைக்கும்?' என்று கேட்டிருக்கிறார். அவன் உண்மையைச் சொன்னான். அவர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதினார். ஏ.ஆர். காப்பி என்பார்களே, அதில். தேதி, கிழமை, இடம், ஐஸ் மெஷின். நாலு வரி. பின்னாடி அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது அந்த நாலு வரிதான்.

நாற்பது நாள் கழித்து, கட்டோடு வேலைக்குப் போனான். முதலாளி ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில், 'எனக்குச் சேர வேண்டிய எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று எழுதியிருந்ததில் இடது கைப் பெருவிரலால் ரேகை வைக்கச் சொன்னார். கையெழுத்துப் போடத் தெரிந்தவன்தான். போடுகிற கையில்தான் விரல் இல்லையே!

'வேற ஆள் போட்டாச்சுப்பா. உன் கணக்கு முடிச்சாச்சு. நல்லபடியா போ' என்று அனுப்பிவிட்டார்.

நம்ம ஊரில் இந்த 'கணக்கு முடிச்சாச்சு'க்கு இருக்கிற அதிகாரம் எந்தக் கோர்ட் தீர்ப்புக்கும் கிடையாது. மளிகைக் கடையிலிருந்து மில் வரைக்கும் வேலையை விட்டு அனுப்புவதற்கு அதுதான் மந்திரம். அதைக் கேட்டதும் ஆள் தலையாட்டிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வேலை போயிற்று என்றால் அந்த வேலையில் பட்ட காயமும் தன் சொந்தப் பொறுப்பு ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். தம்பியும் அப்படித்தான் நினைத்தான். அவன் மனைவிதான் எனக்கு போன் பண்ணினாள். 'மாமா, நீங்க பேப்பர்ல எழுதுறவங்க. வேலையை விட்டு எடுத்துட்டாங்கன்னா ஒண்ணும் கேக்க முடியாதா?'

கேட்க முடியும். இந்த வாரம் நான் சொல்ல வந்ததே இதுதான்.

சிதம்பரத்தில் பி.காம். படிக்கும்போது எங்களுக்கு அக்கவுன்டன்ஸி நடத்திய வாத்தியார் முதல் மாசமே ஒன்றை மண்டையில் ஏற்றிவிடுவார். கடன் பிறப்பது பணம் கொடுக்கும் அன்று அல்ல, கொடுக்க வேண்டிய காரணம் பிறந்த அன்று. மார்ச் மாசத்துக் கடை வாடகையை ஏப்ரலில் கொடுத்தாலும் அது மார்ச் மாசச் செலவுதான். இடையில் கடையையே காலி பண்ணிவிட்டாலும் பாக்கி பாக்கிதான்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பேசுவதும் இதே அக்கவுன்டன்ஸிதான். ஒரிசாவில் ஒரு தச்சர் 1968 ஜூலையில் ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது விழுந்து இடது கையை இழந்தார். முதலாளி ஒவ்வொரு படியாக ஏறி, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 1975 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இழப்பீடு கொடுக்க வேண்டிய பொறுப்பு, ஆணையர் உத்தரவு போட்ட நாளில் பிறப்பதல்ல, காயம் பட்ட அந்த நாளிலேயே பிறந்துவிடுகிறது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளிக்கு அபராதமும் வட்டியும் சேர்ந்தே விழுந்தது.

இன்னொன்றும் சொன்னார்கள். அட்டவணையைப் பார்த்தால் அந்தக் கைக்கு முழு நூறு வராது. ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியுமா? முடியாது. ஆகவே, அவரைப் பொறுத்தவரை நூறு சதவீதமும் போய்விட்டது. ரேட் கார்டுக்குப் பக்கத்தில் மனுஷனையும் அவன் தொழிலையும் நிறுத்திப் பார்த்த தீர்ப்பு அது. இழப்பீட்டுத் தொகை என்னவோ 9,800 ரூபாய்தான். அதற்கு ஏழு வருஷம்.

காயம் பட்ட அன்றே கடன் பிறந்துவிட்டது என்றால், நாற்பது நாள் கழித்து வேலையை விட்டு நீக்கியது அந்தக் கடனை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது.

கடலூரில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் முதலில் இரண்டையும் பிரித்துச் சொன்னார். 'வேலையை விட்டு எடுத்தது தப்புன்னு கேக்கணும்னா அதுக்கு லேபர் கோர்ட். காயத்துக்குப் பணம் கேக்கணும்னா அதுக்கு இழப்பீட்டு ஆணையர், அதாவது தொழிலாளர் துணை ஆணையர் ஆபீஸ். ரெண்டும் வேற வேற கவுன்ட்டர். எது வேணும்?'

தம்பி யோசிக்கவே இல்லை. 'அந்த மெஷின் முன்னால திரும்ப நிக்க வேணாம் சார். விரலுக்கு மட்டும் கேளுங்க.'

நோட்டீஸ் போனது. முதலாளி வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினார். வக்கீல் அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே ஃபைலில் வைத்தார். 'இதுவும் சாட்சிதான் சார்' என்றார். விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனு போட வேண்டும் என்பது சட்டம். நாங்கள் அஞ்சாவது மாசமே போட்டுவிட்டோம்.

எதிர்த்தரப்பிலிருந்து பதில் மனு வந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நாலே நாலு பதில்கள். இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட வக்கீல்களைக் கேட்டால் எல்லாக் கேஸிலும் இந்த நாலுதான் வரும் என்கிறார்கள். உங்களுக்கும் உபயோகப்படும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: 'இவர் எங்கள் ஆளே இல்லை. லோடு கான்ட்ராக்டரோட ஆள்.'

சரி, கான்ட்ராக்டர் ஆள் என்றே வைத்துக்கொள்வோம். சட்டத்தின் 12-வது பிரிவு, தன் தொழிலுக்கான வேலையைக் கான்ட்ராக்டர் மூலம் செய்துகொண்டாலும், காயத்துக்கான இழப்பீட்டை முதன்மை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்கிறது. கொடுத்துவிட்டு அவர் கான்ட்ராக்டரிடம் வசூல் பண்ணிக்கொள்ளலாம். அது அவர்கள் சண்டை. தொழிலாளி இரண்டு வாசலுக்கும் அலைய வேண்டியதில்லை.

இரண்டு: 'குடித்திருந்தார்.'

குடித்திருந்ததால்தான் காயம் பட்டது என்று முதலாளி நிரூபித்தால் சில கேஸ்களில் தப்பிக்கலாம். சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்தச் சாக்கும் செல்லாது. ஆனால் சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். முதலாளியே கூட்டிப்போன நர்ஸிங் ஹோம் சீட்டில் குடியைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

மூன்று: 'பணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.'

அந்த ரேகை வைத்த தாள்! எங்களுக்கும் அதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. வக்கீல் சிரித்தார். 17-வது பிரிவு. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ தொழிலாளி எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது. ரேகை வைத்தாலும் சரி, ரத்தத்தில் கையெழுத்துப் போட்டாலும் சரி. அடிபட்டவன் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவான் என்று சட்டம் எழுதியவர்களுக்கு 1923-லேயே தெரிந்திருக்கிறது.

நாலு: 'இப்போது இவர் எங்களிடம் வேலையில் இல்லை.'

இதற்குப் பதில் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். விபத்து நடந்த அன்று வேலையில் இருந்தாரா என்பது மட்டும்தான் கேள்வி.

ஆனால் அந்தக் கேள்விதான் பெரிய மலை. நாலு பதிலையும் மறுபடி படித்துப் பாருங்கள். காயம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. விரல் இல்லாததை எப்படி மறுக்க முடியும்? மறுத்தது காயத்தை இல்லை, ஆளை. 'இவன் இங்கே இருந்ததே இல்லை' என்று சாதித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக உதிர்ந்துவிடும். வேலையை விட்டு நீக்குவதன் அசல் பலன் அங்கேதான் இருக்கிறது. கடன் அழியாது. கடனைக் காட்டும் வவுச்சர்கள் எல்லாம் ஒரு பக்கமே தங்கிவிடும். ரெஜிஸ்டர் முதலாளியிடம். சாட்சி சொல்ல வேண்டிய மற்ற ஆறு பேரும் முதலாளியிடம். வெளியே நிற்பவனிடம் விரல் இல்லாத ஒரு கை மட்டும்.

கூட வேலை பார்த்தவர்கள் ஒருத்தரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே!

வருகைப் பதிவேட்டைக் கொண்டு வரச் சொன்னார்கள். '2015 வெள்ளத்துல போயிடுச்சு' என்று பதில் வந்தது. கடலூர்க்காரர்களுக்குத் தெரியும், அந்த வருஷம் நவம்பர், டிசம்பர் மழையில் என்னென்னவோ போயிற்று. வீடு போயிற்று, மாடு போயிற்று. ரெஜிஸ்டர் போயிருக்காதா? போயிருக்கும். ஆனால் விபத்து நடந்தது 2016 மார்ச். 'வெள்ளம் வடிஞ்சப்புறம் மூணு மாசத்துக்கு எழுதின ரெஜிஸ்டர் எங்கே?' என்று அதிகாரி கேட்டார். பதில் இல்லை.

நர்ஸிங் ஹோம் சீட்டைக் காட்டி, வீட்டுக் கதவில் நசுங்கியது என்றார்கள். எங்கள் வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'அவங்க வீட்டுக் கதவுல நசுங்கின விரலுக்கு நீங்க எதுக்குங்க பில் கட்டினீங்க?'

கடைசியில் கேஸை நிமிர்த்தியது ஒரு போட்டோ. 2015 ஆயுத பூஜை. அந்த ஐஸ் மெஷினுக்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டிருக்கிறது. அதே மெஷின். பக்கத்தில் பொரிகடலைத் தட்டோடு முதலாளி. அவருக்கு இந்தப் பக்கம் எட்டு முழ வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு தம்பி. பத்து விரலும் இருக்கிறது. அவன் மச்சான் செல்போனுக்கு எப்போதோ அனுப்பி வைத்திருந்தது, தேடிப்பிடித்தோம். வருஷத்தில் ஒரு நாள் மெஷினுக்கு மரியாதை செய்கிறோமே, அந்த மரியாதை ஒரு மனுஷனுக்குச் சாட்சி சொன்னது.

முதலாளியை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவரைத் தெரியும். கெட்டவர் இல்லை. பொங்கலுக்கு எல்லோருக்கும் வேட்டி, புடவை எடுத்துக் கொடுப்பார். வெள்ளத்துக்கு அப்புறம் படகுகள் சரியாகக் கடலுக்குப் போகாமல் வியாபாரம் படுத்துவிட்டது. அவர் டெலிவரி வேனுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது, போலீஸ் கேட்பார்கள். மெஷின் முன்னால் நிற்கிற ஆட்களுக்கு இல்லை, யாரும் கேட்பதில்லை. இதற்கென்றே ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் பாலிசி இருக்கிறது. அதை எடுத்திருந்தால் கம்பெனியே பணத்தைக் கொடுத்திருக்கும், இவரும் 'இவன் யார்னே தெரியாது' என்று பொய் சொல்லத் தேவை இருந்திருக்காது.

முதலாளி நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியே வேண்டாம் என்பதுதான் இந்தச் சட்டத்தின் அழகு. அதற்கு முன்பு, 'முதலாளியின் அஜாக்கிரதையால்தான் அடிபட்டது' என்று தொழிலாளி நிரூபித்தால்தான் காசு. ஜெர்மனியில் 1884-லும் இங்கிலாந்தில் 1897-லும் அதை மாற்றினார்கள். இந்தியாவில் 1924 ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்தது. வேலையிலிருந்து விபத்து பிறந்ததா? பிறந்தது என்றால் இழப்பீடு. மெஷின் தேய்மானத்தை லாபத்தில் கழிக்கிறோம் அல்லவா, அதுபோல மனுஷத் தேய்மானத்தையும் தொழிலின் செலவில் எழுது என்பதுதான் அதன் சாராம்சம்.

இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தது. வாய்தா, வாய்தா, வாய்தா. அந்தக் காலத்தில் தம்பி சிதம்பரத்தில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினான், பெரும்பாலும் இடது கையால். வாய்தாவுக்குக் கடலூர் போகிற அன்றைக்குச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் 'விட்டுடலாமாண்ணே?' என்று கேட்பான். அவன் மனைவி முந்திக்கொண்டு, 'விடக் கூடாது மாமா' என்பாள்.

2018 கடைசியில் உத்தரவு வந்தது. கணக்கு இப்படி. அவன் சம்பளம் 9,500 என்றாலும் அப்போதைய உச்சவரம்புப்படி 8,000 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் 60 சதவீதம் 4,800. 35 வயசுக்குச் சட்டம் போட்டிருக்கும் காரணி 197.06. பெருக்கினால் 9,45,888. அதில் 20 சதவீதம், 1,89,178 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாசத்துக்குள் கொடுக்காததால் வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி. எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்பீல் போக வேண்டுமென்றால் முழுத் தொகையையும் முதலில் கட்டிவிட்டுத்தான் முதலாளி ஹைகோர்ட் படியேற முடியும். அவர் கட்டினார். அப்பீல் போகவில்லை.

பணம் கைக்கு வந்த அன்று தம்பி அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. உத்தரவு காப்பியைக் கொடுத்து, 'அண்ணே, இதுல நான் அங்க வேலை பார்த்தேன்னு எழுதியிருக்கா?' என்று கேட்டான். 'மனுதாரர் எதிர்மனுதாரரிடம் தொழிலாளியாகப் பணிபுரிந்தார் என்பது நிரூபணமாகிறது' என்ற வரியைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். ஆறு வருஷம் அங்கே உழைத்திருக்கிறான். அதை ஒருத்தர் எழுத்தில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பெரிய விபத்துகளில் ஆள் இல்லை என்று சொல்வது கஷ்டம். கேமரா வந்துவிடும், கலெக்டர் வந்துவிடுவார். எங்கள் கடலூர் மாவட்டத்துக்கு அந்தத் துரதிர்ஷ்டம் நிறைய. 2020 ஜூலை 1-ம் தேதி நெய்வேலி இரண்டாவது அனல் மின் நிலையத்தில் ஐந்தாவது யூனிட் பாய்லர் வெடித்து, அன்றைக்கே ஆறு பேர் செத்தார்கள். காயம் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். 2021 மே 13-ம் தேதி சிப்காட்டில் ஒரு பூச்சிமருந்து ஆலையில் நாலு பேர். அப்போதெல்லாம் இழப்பீட்டு அறிவிப்பு தலைப்புச் செய்தியாக வந்தது. வர வேண்டியதுதான். ஆனால் ஒரு பட்டறையில் ஒரே ஒரு விரல் போனால் செய்தி இல்லை. அந்த ஒரு விரலுக்கு அந்த ஆள் தானே நிருபர், தானே சாட்சி, தானே வக்கீல் குமாஸ்தா.

அதனால் சில விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் உங்கள் தெருவில் யாருக்காவது வேண்டியிருக்கும்.

பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கிற இடமா? அநேகமாக இ.எஸ்.ஐ. உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் சலுகை உண்டு. முதலாளி பணம் கட்டவில்லை என்பது தொழிலாளியின் குற்றமாகாது. சிகிச்சையில் இருந்துகொண்டு இ.எஸ்.ஐ. பணம் வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்குவதைப் பழைய இ.எஸ்.ஐ. சட்டமே தடுத்திருந்தது. இ.எஸ்.ஐ. இருந்தால் இழப்பீட்டை அங்கேதான் கேட்க வேண்டும், இரண்டு இடத்திலும் கேட்க முடியாது.

1923 சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் 2025 நவம்பர் 21-ம் தேதி அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் நடக்கும் விபத்துக்கும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், இப்போது இழப்பீடு உண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பெயர் மாறினாலும், பிரிவு எண்கள் மாறினாலும், அடிப்படை அதேதான். காயம் பட்ட அன்றே கடன்.

இப்போது துறைமுகத்திலும் சிப்காட்டிலும் பீகார், ஒடிசா பையன்கள் நிறைய. அடிபட்டால் ரயில் டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவது சுலபம். போகட்டும். விபத்து நடந்த ஊரில்தான் மனு போட வேண்டும் என்ற கட்டாயம் 1995 திருத்தத்தோடு போய்விட்டது. அந்தப் பையன் தான் குடியிருக்கும் ஊரிலிருந்தே கேட்கலாம். இதை அவனுக்கு அவன் பாஷையில் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அடிபட்டவுடன் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்கள். கதவு, பைக், வழுக்கி விழுந்தேன் எல்லாம் வேண்டாம். ஏ.ஆர். காப்பி வாங்கி வையுங்கள். நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இரண்டு வருஷத்துக்குள் மனு போடுங்கள். எந்தத் தாளில் ரேகை வைத்திருந்தாலும் பயப்படாதீர்கள்.

அப்புறம், இந்த ஆயுத பூஜைக்கு மெஷின் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளியையும் கூட நிற்கச் சொல்லுங்கள். சிரித்தபடி!